கடன், பொய், தப்பிசான்: அரசாங்க வேலைக்குப் போகும் தோட்டப் பிள்ளைகளுக்கான கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் போலீஸ், சிறைத்துறை, குடிநுழைவு, சுங்கம், ராணுவம், அமைச்சு அலுவலகம் என்று மனு போடும் பிள்ளைகள் நிறைய. ஓட்டத்துக்கும் நேர்முகத்துக்கும் நன்றாகத் தயார் செய்கிறார்கள். கடிதத்தில் ‘தப்பிசான் கெசெலாமாத்தான்’, அதாவது பாதுகாப்புச் சோதனை, என்று ஒரு வரி வந்ததும் வீட்டில் கலக்கம் தொடங்குகிறது. மாமாவின் லோரிக்கு ஜாமீன் நின்றது, பிடிபிடிஎன் கல்விக் கடன் பணம் கட்டாமல் விட்டது, பதினெட்டு வயதில் ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார்ந்தது எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வருகின்றன. அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில்கள் கீழே.

தப்பிசான் என்றால் என்ன? யார் செய்கிறார்கள்?

அரசாங்க ரகசியம் கைக்கு வரக்கூடிய ஆளை நம்பலாமா என்று பார்க்கும் சோதனை அது. பிரதமர் துறையின் கீழ் உள்ள அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம் இதற்குப் பொறுப்பு. மனு இப்போது ‘இ-வெட்டிங்’ என்ற இணைய முறையில் போகிறது. இரண்டு வகை உண்டு. ‘காசார்’ என்பது மேலோட்டமான சோதனை. ‘ஹாலுஸ்’ என்பது நுணுக்கமானது. அரசாங்கக் கோப்புகள் ‘தெர்ஹாட்’, ‘சூலிட்’, ‘ரஹ்சியா’, ‘ரஹ்சியா பெசார்’ என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டவை. மேல் இரண்டு படிகளைத் தொடும் பதவிகளுக்கு ஹாலுஸ் என்று பொதுவாகப் புரிந்துகொள்ளலாம். ஹாலுஸ் சோதனையில் போலீஸின் சிறப்புப் பிரிவு விசாரிக்கும்.

பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். இதுவும் போலீஸ் குற்றப் பதிவும் ஒன்றல்ல. ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம் செய்யும் நேர்மைச் சோதனை தனி. திவால் இலாகாவின் பெயர்ப் பட்டியல் தனி. ஒன்றில் தப்பியது இன்னொன்றில் மாட்டும். ஆகவே, “போலீஸ் ரெக்கார்ட் சுத்தம், அது போதும்” என்று யாராவது சொன்னால் பாதிதான் சரி.

கடன் இருந்தாலே ஆகாதா?

ஆகும். வீட்டுக் கடனும் மோட்டார் சைக்கிள் தவணையும் இல்லாத அரசாங்க ஊழியர் இந்த நாட்டில் யார்? கடன் இருக்கிறதா என்பதை விட, அந்தக் கடன் உங்களை எவன் கையில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதுதான் சோதிப்பவருக்கு முக்கியம். ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரன், வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றும் நிலையில் உள்ள ஒரு குமாஸ்தாவிடம், “இந்த வண்டி நம்பர் யாருடையது, பார்த்துச் சொல், இந்த மாத வட்டியை விட்டுவிடுகிறேன்” என்று ஒருவன் சொன்னால் என்ன ஆகும்? சோதனை பயப்படுவது அதற்குத்தான். அதிகாரத்துவ ரகசியச் சட்டம் 1972-இன் 8-ஆம் பிரிவில் ரகசியத்தை வெளியே கொடுத்ததற்குக் குறைந்தது 1 ஆண்டு, கூடியது 7 ஆண்டு சிறை. குறைந்தபட்சம் என்று ஒன்று இருப்பதால் வெறும் அபராதத்தோடு வெளியே வர முடியாது.

எதற்காக வாங்கினீர்கள், இப்போது கட்டுகிறீர்களா, கேட்டபோது ஒளித்தீர்களா, இந்த மூன்றும் தொகையை விடப் பெரிதாக எடுபடும். அம்மாவின் டயாலிசிஸ் செலவுக்கு 20,000 வெள்ளி வாங்கி மாதாமாதம் கட்டுபவர் ஒரு ரகம். மூன்று கார்டில் சூதாட்டச் செயலிக்குப் பணம் ஏற்றி 6,000 வெள்ளியைக் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டவர் இன்னொரு ரகம். சிறிய தொகைக்காரர்தான் இங்கே கவலைப்பட வேண்டியவர்.

எவ்வளவு கடன் என்றால் ‘அதிகம்’? ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. எழுத்தில் இருக்கிறது. பொது அதிகாரிகள் (நடத்தை, ஒழுங்கு) விதிமுறை 1993-இன் 13-ஆவது விதி ‘கடுமையான கடன் சுமை’ என்றால் என்ன என்று சொல்கிறது. பணியில் உள்ளவர்களுக்கான விதி இது. ஆனாலும் மனு போடுபவரும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மூன்றில் ஒன்று இருந்தாலே நீங்கள் அந்த நிலையில் இருப்பதாகக் கருதப்படும்:

– அடமானம் இல்லாத கடன்களின் மொத்தம் உங்கள் மாத வருமானத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டுவது;
– கோர்ட் தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் அந்தப் பணத்தைக் கட்டாமல் இருப்பது;
– திவாலானவராக இருப்பது.

முதலாவதைக் கையில் எடுத்துக் கணக்குப் போடுவோம். அடிப்படைச் சம்பளமும் நிலையான படிகளும் சேர்ந்து 2,400 வெள்ளி என்றால் எல்லை 24,000. கூட்டுறவுச் சங்கக் கடன் 15,000, பேங்க் தனிநபர் கடன் 6,000, கிரெடிட் கார்டு 4,500. மொத்தம் 25,500. எல்லை தாண்டிவிட்டது. வீட்டுக் கடன் 1,80,000 இருந்தாலும் அதற்கு வீடே அடமானம் என்பதால் இந்தக் கணக்கில் வராது. கூட்டுறவுக் கடனில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதால் அது கடன் என்றே மனதில் நிற்பதில்லை. பிடிப்பு வேறு, அடமானம் வேறு.

பத்து மடங்கோடு இன்னொரு எண்ணையும் பாருங்கள். அரசாங்கச் சம்பளத்தில் பிடிப்புகள் எல்லாம் சேர்ந்து 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே கூட்டுறவு ஏஜெண்டு வந்து, “உனக்கு 50,000 வரைக்கும் தகுதி இருக்கு தம்பி” என்பார். அவர் தகுதி என்று சொல்வது இந்த 60 விழுக்காட்டைத்தான். பத்து மடங்கு விதியைப் பற்றி அவர் வாய் திறக்க மாட்டார்.

என் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று எங்கே பார்ப்பது?

மனு போடுவதற்கு ஆறு மாதம் முன்பே மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் அறிக்கை. இ-சிசிரிஸ் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடைசி 12 மாதத்துக்கும் ஒவ்வோர் எண் இருக்கும். எத்தனை மாதம் பாக்கி என்பதே அந்த எண். இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்:

0 0 1 2 3 2 1 0 0 0 0 0

இடது கோடி அண்மைய மாதம். ஆகவே வலமிருந்து படிக்க வேண்டும். ஐந்து மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று பாக்கி ஏறியிருக்கிறது. அப்புறம் மாதம் இரண்டு தவணையாகக் கட்டிப் படிப்படியாக இறக்கி, கடைசி இரண்டு மாதமாகப் பாக்கியே இல்லை. இது கெட்ட அறிக்கை அல்ல. விழுந்து எழுந்தவரின் அறிக்கை. இடது கோடியில் 3, 4, 5 என்று ஏறிக்கொண்டே போவதுதான் ஆபத்து. 12 மாதம்தான் தெரியும் என்பதால், இன்றைக்குப் பாக்கியை முடித்து ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டினால் வரி முழுக்க 0 ஆகிவிடும். ஆறு மாதம் முன்பே பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ஒரு வருஷம் முன்பே என்றால் இன்னும் நல்லது.

இரண்டாவது சிடோஸ் போன்ற தனியார் நிறுவன அறிக்கை. கோர்ட் வழக்கு, திவால் நோட்டீஸ் இங்கே தெரியும். மூன்றாவது திவால் இலாகாவில் உங்கள் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போட்டுத் தேடுவது.

பெயரையும் எண்ணையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டி, நான்கு லெட்சுமி இருப்பார்கள். அப்பா பெயரும் ஒன்றாக இருந்துவிடும். பெரியவர்களின் பழைய கணக்குகள் பழைய ஐசி எண்ணில் இருக்கும். வேறொருவர் வழக்கு உங்கள் அறிக்கையில் ஏறியிருந்தால், ஐசி நகலோடு அந்த நிறுவனத்துக்கே எழுதித் திருத்தம் கேளுங்கள். வந்த பதிலைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

ஆலோங் கடன், கடைப் பற்று, நண்பரிடம் கைமாற்று இவை எந்த அறிக்கையிலும் வராது. வராததால் தெரியாது என்று அர்த்தம் இல்லை. ஹாலுஸ் சோதனையில் கணினியோடு நின்றுவிடாமல் ஆட்களையும் கேட்பார்கள்.

மாமாவுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டவில்லை. அது என் கடனா?

சட்டப்படி, கடன்காரர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரரிடம் கேட்கலாம். ஆனால் 2017 அக்டோபர் 6 முதல் அமலில் உள்ள திவால் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ‘சமூக ஜாமீன்தாரர்’ மீது திவால் வழக்குப் போட முடியாது. லாப நோக்கமில்லாமல் கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோக வண்டியின் தவணைக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ நின்றவர் சமூக ஜாமீன்தாரர். மாமாவின் கார் என்றால் இந்தப் பாதுகாப்பு உண்டு. மாமாவின் செம்பனை ஏற்றும் லோரி தொழிலுக்கானது. அங்கே இதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

திவால் ஆக்க முடியாது என்றாலும், பணத்துக்காக வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குவதை இது தடுக்காது. தீர்ப்பு வந்துவிட்டால் மேலே சொன்ன ‘ஒரு மாதம்’ விதி உங்களையும் பிடிக்கும். ஆகவே பேங்குக்குப் போய், ஜாமீன் நின்ற கணக்கின் நிலையை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்பது முக்கியம். கவுண்டரில் சொன்ன வாய் வார்த்தையை எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாது.

எனக்கே தெரியாமல் தீர்ப்பு வந்திருக்குமா?

தோட்டத்து ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஐசியில் உள்ள முகவரி பழைய லயத்து வீடு. தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, குடும்பம் தாமான் குடியிருப்புக்கு மாறி வருஷங்கள் ஆகியிருக்கும். முகவரியை மட்டும் யாரும் மாற்றவில்லை. சம்மன் பழைய முகவரிக்குப் போகும். ஆள் கிடைக்காவிட்டால் மாற்று வழியில் சம்மனைச் சேர்ப்பிக்கக் கோர்ட் அனுமதிக்கும். கதவில் ஒட்டுவது, பத்திரிகையில் போடுவது. இடிந்த வீட்டின் கதவில் ஒட்டினாலும் சம்மன் உங்களிடம் சேர்ந்ததாகவே கணக்கு. 14 நாளில் நீங்கள் ஆஜராகும் பத்திரம் போடாவிட்டால் எதிர்ப்பில்லாத் தீர்ப்பு எடுத்துவிடுவார்கள்.

தீர்ப்பு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனு போடலாம். கடன் உண்மையிலேயே உங்களுடையது என்றால் ரத்துக்கு ஓடுவதை விட, வக்கீலிடம் பேசித் தவணை ஒப்பந்தம் போடுவது மலிவு. பணம் முழுக்கக் கட்டி முடித்ததும் ‘முழுத் தீர்வுக் கடிதம்’ கேட்டு வாங்குங்கள். அதில் வழக்கு எண், கணக்கு எண், உங்கள் ஐசி எண், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வாசகம் நான்கும் இருக்க வேண்டும். வெறும் ரசீதுக் கட்டு போதாது.

முதல் வேலையாக, தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய் முகவரியை மாற்றுங்கள்.

திவால் ஆகிவிட்டேன். இனி வழியே இல்லையா?

இப்போது 1,00,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்கு ஒருவர் மீது திவால் மனு போட முடியாது. முன்பு இந்த எல்லை 50,000, அதற்கும் முன்பு 30,000. பழைய எல்லையில் மாட்டியவர்கள் இன்னும் பட்டியலில் இருக்கலாம். சொத்து நிலைப் பத்திரத்தைக் கொடுத்து, இலாகா சொன்ன தொகையைக் கட்டி, கணக்கு ஒழுங்காகக் கொடுத்திருந்தால் 3 ஆண்டில் விடுதலைக்கு வழி உண்டு. அந்தப் பத்திரத்தைக் கொடுக்காதவரை 3 ஆண்டு என்பது தொடங்கவே தொடங்காது. எத்தனையோ பேர் இலாகாவுக்குப் போகப் பயந்து, பத்து வருஷம் சும்மா காத்திருக்கிறார்கள்.

விடுதலையான பிறகு “திவாலாக இருந்தீர்களா” என்று கேட்டால் பதில் ‘ஆம், விடுவிக்கப்பட்டேன்’ என்பதுதான். ‘இல்லை’ அல்ல. ‘இப்போது திவாலா’ என்பதும் ‘எப்போதாவது திவாலா’ என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

பிடிபிடிஎன் கட்டவில்லை. பாதிக்குமா?

பாதிக்கும், அதுவும் இரண்டு இடத்தில். பாக்கி சிசிரிஸில் தெரியும். வேலைக்குச் சேர்ந்த பிறகு பதவி உயர்வு வரும்போது, ‘பெமிஞ்சாம் பெண்டிடிக்கான் தெகார்’ பட்டியலில், அதாவது கட்ட மறுக்கும் கல்விக் கடனாளிகள் பட்டியலில், இல்லை என்று உறுதி கேட்கிறார்கள். பத்து வருஷம் நல்ல பெயர் எடுத்து, பதவி உயர்வு இதில் தட்டிப்போவது வயிற்றெரிச்சல். கட்ட முடியாவிட்டால் பிடிபிடிஎன்னிடம் தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். மாதம் 100 வெள்ளியாவது நேரடிப் பிடிப்பில் ஓடினால், பேச்சு மூச்சில்லாமல் இருப்பதை விட எவ்வளவோ மேல்.

வட்டிக்காரர், ஆலோங், கூட்டு என்ற சீட்டு?

மூன்றும் மூன்று விஷயம்.

உரிமம் பெற்ற வட்டிக்கடை வீட்டுவசதி, ஊராட்சி அமைச்சின் கீழ் வருகிறது. கடன் கொடுப்போர் சட்டம் 1951-இன்படி அடமானம் இருந்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, இல்லாவிட்டால் 18 விழுக்காடு வட்டிதான் உச்சம். ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் பிடித்து வைப்பவர், வாங்கும்போதே முதல் மாத வட்டியைக் கழிப்பவர், ‘பத்துக்கு ரெண்டு’ என்று வட்டி பேசுபவர் எல்லோரும் ஆலோங்தான். கடை பெயர்ப்பலகை போட்டிருந்தாலும்.

அரசாங்க ஊழியருக்கு இன்னொரு கட்டு இருக்கிறது. 1993 விதிமுறையின் 12-ஆவது விதி வட்டித் தொழில் செய்பவரிடம் கடன் வாங்குவதையே தடுக்கிறது. உரிமம் இருந்தாலும் சரி. தனக்குக் கீழ் வேலை செய்பவரிடமும், அலுவல் தொடர்பு உள்ளவரிடமும் வாங்கக் கூடாது. இவர்களிடம் கடன்பட்டு நிற்கும் வகையில் ஜாமீன் போடவும் கூடாது. பேங்க், இன்சூரன்ஸ், கூட்டுறவுச் சங்கம் இவற்றுக்குத் தடை இல்லை.

கூட்டு விஷயத்தில் நம்மவர்கள் சட்டத்தைக் கேட்டதும் சிரிப்பார்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் வாயில் புழங்கும் அந்தக் ‘கூட்டு’ இருக்கிறது. கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது குற்றம். தோட்டத்து அக்கா பத்துப் பேரைச் சேர்த்து மாதம் 200 வெள்ளி போடுவது காலங்காலமாக நடப்பதுதான், மறுக்கவில்லை. அரசாங்க வேலைக்கு மனு போட்டிருக்கும் பிள்ளை அந்தக் கூட்டுக்குத் தலைவராக இருக்க வேண்டாம். ஒருவர் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினால், போலீஸ் ரிப்போர்ட்டில் முதல் பெயர் தலைவருடையது.

‘பொய்’ என்று எதைச் சொல்கிறார்கள்? மறந்து போனதும் பொய்யா?

மறதிக்கும் ஒளிப்புக்கும் உள்ள வித்தியாசம் சோதிப்பவருக்குத் தெரியும். 2011-இல் முடிந்த கைபேசி பில் ஞாபகமில்லை என்பது மறதி. போன வருஷம் கோர்ட்டில் நின்றது ஞாபகமில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

படிவத்தில் உள்ள மலாய்ச் சொல்லை நிதானமாகப் படியுங்கள். அவசரத்தில் தப்பாகப் பதில் எழுதுபவர்கள் நேர்மையற்றவர்கள் அல்ல, சொல்லைப் பார்க்காதவர்கள். ‘டித்தாங்காப்’ என்றால் கைதானது. ‘டித்துடுஹ்’ என்றால் குற்றம் சாட்டப்பட்டது. ‘டிசாபிட்கான்’ என்றால் குற்றம் நிரூபணமாகித் தீர்ப்பு பதிவானது. ஸ்டேஷனில் ஒரு ராத்திரி வைத்து, காலையில் விட்டுவிட்டார்கள் என்றால் முதல் கேள்விக்கு ‘ஆம்’, மூன்றாவதுக்கு ‘இல்லை’.

கோர்ட்டில் நன்னடத்தைப் பத்திரத்தில் விட்டவர்கள் இன்னும் கவனம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவில் விட்டிருந்தால் குற்றத் தீர்ப்பு பதிவாகாது. 294-ஆவது பிரிவில் விட்டிருந்தால் தீர்ப்பு பதிவாகி, தண்டனைக்குப் பதில் பத்திரம். இரண்டிலும் அப்பா வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால், வழக்கு நடந்த கோர்ட்டில் எண்ணைச் சொல்லிப் பதிவைக் கேளுங்கள். யூகத்தில் எழுத வேண்டாம்.

சான்றிதழ் திருத்துவது, இல்லாத வேலை அனுபவத்துக்குக் கடிதம் அடிப்பது, சம்பளச் சீட்டில் எண் மாற்றுவது எல்லாம் வேறு தரம். போலிப் பத்திரத்தை அசல் என்று காட்டுவது தண்டனைச் சட்டத்தின் 471-ஆவது பிரிவில் குற்றம். சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் அதற்கும் தனிப் பிரிவு. கடனால் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் கடனை அடைத்துவிட்டு மறுபடி மனு போடலாம். போலிப் பத்திரத்தில் மாட்டினால், அதுவே அடுத்த படிவத்தின் ‘டித்தாங்காப்’ கேள்விக்குப் பதில் ஆகிவிடும்.

ஏற்கெனவே தப்பாக எழுதி அனுப்பிவிட்டேன். என்ன செய்வது?

அவர்கள் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன் நீங்களே திருத்துங்கள். யார் முந்துகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே பக்கக் கடிதம், மலாயில். மேலே மனு எண்ணும் ஐசி எண்ணும். முதல் வரியிலேயே எந்தக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள், சரியான பதில் என்ன. அடுத்து விவரம்: யாரிடம், எவ்வளவு, எந்த ஆண்டு, ஏன் நின்றது, இன்றைய பாக்கி. பின்னால் ஆவணங்கள். அனுப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

“குடும்பக் கஷ்டம், தயவு கூர்ந்து கருணை காட்டவும்” என்று இரண்டு பக்கம் எழுதுவது நம் பழக்கம். அது வேண்டாம். அப்பாவுக்கு 2021-இல் வேலை போனது, ஏழு மாதம் தவணை நின்றது, 2022 மார்ச்சில் மீண்டும் தொடங்கினேன் என்று தேதி வாரியாக எழுதினால் படிப்பவருக்குப் போதும்.

கூட்டாளி என் ஏடிஎம் கார்டை மாதம் 300 வெள்ளிக்கு வாடகைக்குக் கேட்கிறான்.

கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே பேங்கில் கார்டை முடக்கி, போலீஸில் ரிப்போர்ட் செய்யுங்கள். மோசடிப் பணம் போய்வரும் கணக்கை ‘கெல்டாய் அக்கவுன்’, கழுதைக் கணக்கு, என்கிறார்கள். தண்டனைச் சட்டத்தில் 2024-இல் இதற்கென்றே புதிய பிரிவுகள் சேர்ந்தன. கணக்கு எண் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் ஏறினால் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கடனையும் பொய்யையும் ஒரே செயலில் சேர்த்துச் செய்வது இதுதான். பிள்ளைகளோ இதை ‘சைட் இன்கம்’ என்கிறார்கள்.

அப்பாவின் கடன், அண்ணனின் வழக்கு என்னைப் பாதிக்குமா?

அப்பாவின் கடன் உங்கள் கடன் அல்ல. படிவத்தில் குடும்ப விவரம் கேட்டால் உள்ளபடி எழுதுங்கள். அண்ணன் சிறையில் இருப்பதை மறைக்க அவர் பெயரையே விட்டுவிடுபவர்கள் உண்டு. அண்ணனின் குற்றம் அவருடையது. பெயரை விட்டது உங்களுடையது.

வேலையில் சேர்ந்த பிறகு கடன் ஏறிவிட்டது. மேலதிகாரியிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். 13-ஆவது விதியின்படி, கடன் கடுமையான நிலைக்குப் போகும் என்று தெரிந்தாலோ, கோர்ட் தீர்ப்பு வந்தாலோ, உடனே இலாகா தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். கோர்ட்டிலிருந்தும் திவால் இலாகாவிலிருந்தும் தகவல் வர வழி இருப்பதால் மறைத்தாலும் நிலைக்காது. உங்கள் தவறே இல்லாத துரதிர்ஷ்டத்தால் வந்த கடனை விதி வேறாகத்தான் பார்க்கிறது. மற்றக் காரணம் என்றால் ஒழுங்கு நடவடிக்கை வரலாம். கடனை அடைக்க ஓவர்டைம், பயணக் கோரிக்கையில் மைல் கூட்டிப் போடுவது அதைவிடப் பெரிய பள்ளம். எஸ்பிஆர்எம் சட்டம் 2009-இன் 18-ஆவது பிரிவு பொய்க் கோரிக்கைக்கானது. 20 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது பொய்த் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, எது அதிகமோ அது. 80 வெள்ளிப் பெட்ரோல் கோரிக்கைக்கும் அதே பிரிவுதான்.

ஏகேபிகே போனால் பெயர் கெடுமா?

கெடாது. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த இலவச ஆலோசனை நிறுவனம் அது. ஈப்போவில் கிளை இருக்கிறது. சம்பளச் சீட்டு, பேங்க் அறிக்கைகள், வீட்டுச் செலவுக் கணக்கு மூன்றையும் கொண்டு போங்கள். பல பேங்க் கடன்களை ஒரே மாதத் தவணையாக மாற்றிக் கொடுப்பார்கள். சம்பளத்தில் செலவு போக ஏதாவது மிஞ்ச வேண்டும், திவாலாகியும் இருக்கக் கூடாது. ஆலோங் கடனை அவர்கள் தொட முடியாது. திட்டத்தில் சேர்ந்தது சிசிரிஸில் தெரியும். தெரிவது நல்லதுதான். கடனை ஒழுங்குபடுத்த நீங்களே போனீர்கள் என்பதற்கு அது சாட்சி.

இணையத்தில் படித்த ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ விதிகள் இங்கே பொருந்துமா?

நீங்கள் படித்தவை பெரும்பாலும் அமெரிக்க விதிகள். அங்கே 2017 ஜூன் 8 முதல் 13 வழிகாட்டிகள் அமலில் உள்ளன. ‘எஃப்’ என்பது பணநிலை, ‘இ’ என்பது சொந்த நடத்தை. எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவத்தில் கடந்த 7 ஆண்டுப் பணப் பிரச்சினைகளைக் கேட்பார்கள். நேர்மையாகக் கட்ட முயன்றவருக்கும், பிடிபடுவதற்கு முன் தானே திருத்தியவருக்கும் அங்கே எழுத்திலேயே சலுகை உண்டு. நமக்கு அது சட்டம் அல்ல. அந்த எண்களை இங்கே உள்ள அதிகாரியிடம் மேற்கோள் காட்டினால் சிரிப்பார். போக்கு மட்டும் ஒன்றுதான்.

“2,000 வெள்ளி கொடு, தப்பிசானை முடித்துத் தருகிறேன்” என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

அவர் அதிகாரியே இல்லை என்றால் உங்கள் பணம் போகும். உண்மையிலேயே அதிகாரி என்றால் லஞ்சம் கொடுத்த குற்றம் உங்கள் தலையில் விழும். சட்டத்தில் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே இடம்தான். பேச்சு வந்த நாள், நேரம், கைபேசிச் செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எஸ்பிஆர்எம்மின் 1-800-88-6000 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை. அந்த 2,000 வெள்ளி கையில் இருந்தால், முதலில் கிரெடிட் கார்டு பாக்கியில் போடுங்கள்.